வளவனூர் வரை

ஒதியம்பட்டு
12.6.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்டெல்லா எழுதுகிறேன். உன் தங்கை ஸ்டெல்லாதான், வேறு யாருமில்லை. நீயும் அண்ணியும் சுகமா? இங்கே அப்பா சுகம், டேனியல் சுகம், லில்லி சுகம். நான் சுகமில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆறு வருஷமாகப் பேசாதவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாளே, விழுப்புரம் என்ன வெளிநாடா, போன் போட்டால் ஆகாதா என்று நினைப்பாய். எழுதச் சொன்னது டாக்டர். இதுவும் ஒரு மருந்தாம். பேனாவால் எழுத வேண்டும். தப்பு வந்தால் அடித்துவிட்டு மேலே போக வேண்டும். திரும்பப் படிக்கக் கூடாது. நானே நடந்துபோய், ஊரார் கைபட்ட தபால் பெட்டியில் போட வேண்டும். யாருக்கு எழுதுவது கஷ்டமோ அவருக்கு எழுதுங்கள் என்றார் டாக்டர் கல்பனா. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, உன் பெயர்தான் வந்தது.

எனக்குக் கை கழுவுகிற வியாதி. சிரிக்காதே. கழுவிய கை கழுவினதாகவே தோன்றுவதில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து மிளகாய் தொட முடியவில்லை. தொட்டியை நிரப்பி நிரப்பி டேனியலுக்கு மோட்டார் கொட்டகையிலேயே குடியிருப்பு. அப்பா, "சோப்பு கம்பெனிக்காரன் உனக்கு சிலை வெப்பாம்மா" என்கிறார். டாக்டர் இதற்கு ஓசிடி என்று பெயர் சொன்னார். வேண்டாத எண்ணம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு, அதை விரட்ட ஒரே காரியத்தை மறுபடி மறுபடி செய்ய வைக்குமாம்.

எப்போது ஆரம்பித்தது என்று உனக்கே தெரியும். அம்மாவை அடக்கம் செய்தபோது முதல் பிடி மண் மூத்த பிள்ளை போட வேண்டியது. நீ வரவில்லை. நான் போட்டேன். அந்த ஈர மண்ணை அன்று கழுவ ஆரம்பித்த கைதான் இது.

விஷயம் இதுதான். இந்த வியாதியில் மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். வியாதிக்காரர் ஒருவர், அவர் கூடப் பிறந்த வியாதி இல்லாத ஒருவர், இப்படி ஜோடியாக வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தது நீ ஒருவன்தான். வந்து அந்த மெஷினில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போ. அம்மாவுக்குத்தான் வரவில்லை, எனக்காவது வா.

ஸ்டெல்லா


விழுப்புரம்
20.7.2023

மாதா துணை

பாசமுள்ள தங்கை ஸ்டெல்லாவுக்கு அண்ணன் அன்புராஜ் எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டேன். உன் உடல்நிலையை அறிந்து மிகவும் வருந்தினேன். நானும் விஜயராணியும் நலம். அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? லில்லி எந்த வகுப்பு?

உடனே வர ஆசைதான். நான் வேலை பார்க்கும் உரக் கிடங்கில் இப்போது சரக்கு இறங்கும் நேரம். விடுப்பு கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார். கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் வியாதி அந்த மண்ணால்தான் வந்தது என்று டாக்டரும் சொன்னாரா? கேட்டு எழுது.

மாப்பிள்ளை டேனியலை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புராஜ்


ஒதியம்பட்டு
29.7.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். நீங்கள் இருவரும் சுகம் என்றதில் சந்தோஷம். அப்பாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. லில்லி மூன்றாம் வகுப்பு. மாமா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள். கல்யாணப் படத்தைக் காட்டினேன்.

உன் கடிதத்தில் ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை, அச்சடித்த மாதிரி இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் காக்க வைத்து இவ்வளவு சின்னக் கடிதமா? நான் கோழி கிளறிய மாதிரி எழுதினாலும் அன்றைக்கே போட்டுவிடுகிறேன்.

போன வாரம் மெஷினில் படுக்கப் போய்த் தோற்றுவிட்டு வந்தேன். தோடு, மூக்குத்தி, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். உள்ளே பெரிய காந்தம் இருக்கிறதாம். யார் யாரோ உடுத்திய கவுன் ஒன்றைக் கொடுத்தார்கள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டேன். குழாய் மாதிரி ஒரு பொந்துக்குள் தள்ளி, தலை அசையக் கூடாது என்றார்கள். கண்ணுக்கு மேல் சின்னக் கண்ணாடி. அதில் ஒவ்வொரு படமாக வரும். நாற்காலி, மரம், நடுநடுவே நமக்குப் பயமான படம். எது பயம் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்கிறார்கள். நான் ஈர மண் என்று சொல்லியிருந்தேன். பயப்படும்போது மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்று மெஷின் பார்க்குமாம்.

சத்தமோ தகரக் கொட்டகையில் ஆணி அடிக்கிற சத்தம். முடியாவிட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். எத்தனை பேர் வியர்வையோ அதில். ஒரு கை நிறைய ஈர மண் படம் வந்தது. அமுக்கிவிட்டேன்.

கல்பனா டாக்டர் திட்டவில்லை. மூளைக்குள் "ஆச்சு, போதும்" என்று ஒரு பேச்சு ஓடுமாம். கதவைப் பூட்டினால் ஆச்சு, கை கழுவினால் ஆச்சு. எங்களுக்கு அந்தப் பேச்சு போய்ச் சேராமல் சுற்றிச் சுற்றி வருகிறதோ என்பதைத்தான் தேடுகிறார்களாம். ஒருத்தர் படத்தை மட்டும் வைத்து வியாதி உண்டு, இல்லை என்று சொல்ல முடியாதாம். நிறையப் பேரை ஒப்பிட்டால்தான் தெரியும். அதற்குத்தான் நீ.

இன்னொரு நாள் தருகிறேன் என்றிருக்கிறார். நீ வெளியில் உட்கார்ந்திருந்தால் நான் அமுக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. சின்ன வயதில் ஊசி போடப் போனால் நீதானே கையைப் பிடித்துக்கொள்வாய்?

எப்போது வருகிறாய்?

ஸ்டெல்லா


விழுப்புரம்
11.9.2023

மாதா துணை

பாசமுள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். நீங்கள் அனைவரும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம்.

நீ பட்ட கஷ்டத்தை வாசித்து மனம் சங்கடப்பட்டது. விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

சில சந்தேகங்கள். அந்த மெஷினில் ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது தெரிந்துவிடுமா? அவர் எப்போதோ செய்த காரியம் அதில் தெரியுமா? செய்தாரா செய்யவில்லையா என்று அவருக்கே நிச்சயமில்லாத காரியம் என்றால்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அந்த மண்ணைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

விடுப்பு இந்த மாதமும் கிடைக்காது போல் இருக்கிறது.

இப்படிக்கு,
அன்புராஜ்


ஒதியம்பட்டு
18.9.2023

அண்ணாவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம்.

அது மூளையைப் படம் எடுக்கிற மெஷின், பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார் இல்லை. நினைப்பும் தெரியாது, செய்த காரியமும் தெரியாது. கலர் கலராகப் பொட்டு வைத்த ஒரு படம் வரும், அந்தக் கலரும் கம்ப்யூட்டர் போடுவதுதான். இப்போது திருப்தியா?

நேராகவே கேட்கிறேன். வருவாயா, மாட்டாயா? டிசம்பரோடு ஆராய்ச்சியை முடிக்கிறார்கள். டிசம்பர் 9, சனிக்கிழமை, எனக்குக் கடைசி நாள். சரக்கு, முதலாளி, வேலை என்று எழுதாதே. அம்மா போன அன்றும் பைக் பஞ்சர் என்றாய். காலையில் தகவல் சொன்னோம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து நின்றாய். அத்தனை நேரமா ஒரு பஞ்சருக்கு? பால் வண்டி வேலையையும் இப்படித்தான் காரணமில்லாமல் விட்டாய். அப்பா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் வரும். கூடப் பிறந்தவருக்கு வியாதி இல்லை என்று உறுதி செய்துகொள்ளச் சில கேள்விகள் கேட்பார்கள். அதையாவது எடுத்துப் பேசு.

ஸ்டெல்லா


விழுப்புரம்
23.10.2023

மாதா துணை

பாசமுள்ள தங்கைக்கு,

இருவரும் நலம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்கள். ஒரு பெண் மரியாதையாகப் பேசினார். எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்று பதில் சொன்னேன். நான் ஒப்பிட ஏற்ற ஆள்தான் என்று சொல்லிவிட்டார்.

டிசம்பர் 9 வருகிறேன்.

அன்புராஜ்


ஒதியம்பட்டு
27.10.2023

என் அன்பு அண்ணாவுக்கு,

இரண்டு வரி எழுதினாலும் நல்ல வரியாக எழுதினாய். படித்ததும் ஈரக் கையோடு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "வரட்டும், வூடு அவனுதும்தான்" என்றார். சொல்லிவிட்டு டேனியலைக் கூப்பிட்டு முன் அறை ட்யூப் லைட்டை மாற்றச் சொன்னார். ஒரு வருஷமாக மினுக்கி மினுக்கி எரிந்த லைட் அது.

முந்தின நாளே வந்துவிடு, அண்ணியையும் கூட்டி வா. கடம்பா மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறேன். நான் தொட்டுக் கழுவ மாட்டேன், டேனியல் கழுவித் தருவார். லில்லி உனக்கு ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள். பால் வண்டி. உன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

போன கடிதத்தில் கண்டபடி எழுதிவிட்டேன். திரும்பப் படிக்கக் கூடாது என்பதால் அப்படியே வந்துவிட்டது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன்னை எதிர்பார்க்கும்,
ஸ்டெல்லா


விழுப்புரம்
24.11.2023

மாதா துணை

பாசமுள்ள ஸ்டெல்லாவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். என்னால் வர முடியாது. காரணத்தை இந்த முறை உண்மையாக எழுதுகிறேன்.

அந்தப் பெண் போனில், செய்ததைத் திரும்பத் திரும்பப் போய்ச் சரிபார்ப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய். என் மூளையை நல்ல மூளை என்று நம்பி உன் மூளையை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். என்னால் ஆராய்ச்சியே தப்பாகிவிடும், அதனால் யாருக்கோ தப்பான வைத்தியம் நடக்கும் என்று அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ ஓசிடி என்று எழுதிய முதல் கடிதத்தைப் படித்தபோதே, இதுதான் எனக்கும் என்று தெரிந்துவிட்டது. எழுதத் தைரியம் இல்லை.

பால் வண்டி ஓட்டிய காலத்தில் ஒரு நாள் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஆள்மேல் ஏற்றிவிட்டோமோ என்று ஒரு நினைப்பு வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன், பள்ளம்தான். கிளம்பினேன். சரியாகப் பார்த்தோமா, புதரில் கிடக்கிறாரோ என்று மறுபடி திரும்பினேன். பிறகு அது தினமும் ஆனது. பால் திரிந்து போகிறது என்று முதலாளி என்னை அனுப்பிவிட்டார். நானே விட்டுவிட்டதாக உங்களிடம் சொன்னேன். சோம்பேறி என்று பெயர் வந்தது. அதுவே மேல் என்று இருந்துவிட்டேன். இன்றும் பேப்பர் வந்தால் விபத்துச் செய்திதான் முதலில் பார்க்கிறேன், அதில் என்னைத் தேடுகிறேன்.

அம்மா போன அன்று மாப்பிள்ளை போன் செய்ததும் பைக்கில் கிளம்பிவிட்டேன். கோலியனூர் தாண்டி ஒரு சைக்கிள்காரரைக் கடந்தேன். வளவனூர் வந்ததும், அவரை இடித்தோமோ என்று தோன்றிவிட்டது. திரும்பினேன். அவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார், கண்ணால் பார்த்தேன். மறுபடி வளவனூர் வந்தேன். அவர் அதே ஆள்தானா? திரும்பினேன். அம்மா அங்கே கிடக்கிறாள் என்று தெரியும் ஸ்டெல்லா. அழுதுகொண்டேதான் வண்டியைத் திருப்பினேன். அன்று பகல் முழுவதும் கோலியனூருக்கும் வளவனூருக்கும் நடுவிலேயே இருந்தேன். பெட்ரோல் தீர்ந்தபின் பைக்கை ரோட்டோரம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வந்தபோது நீங்கள் கல்லறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தீர்கள்.

நீ எல்லார் முன்னாலும், "உனுக்கு அம்மான்னா அவ்ளோதானா? இனிமே நீ எனுக்கு அண்ணன் இல்ல" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். என்னால் உன் கையில் மண் ஏறி, அது உனக்கு வியாதியானது. அதனால்தான் டாக்டர் என்ன சொன்னார் என்று இரண்டு முறை கேட்டேன். நீ பதில் எழுதாததே பதில் என்று புரிந்துகொண்டேன்.

என் கடிதங்கள் ஏன் தாமதம் என்று கேட்டாய். ஒரு எழுத்து பிசகினாலும் வேறு தாள் எடுத்துவிடுகிறேன். இதையும் பல தடவை எழுதினேன். விஜயராணி, "எழ்தனது போதும், இத்த நானு போட்டுட்டு வரேன்" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அன்புராஜ்


ஒதியம்பட்டு
29.11.2023

என் அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க வாய் வரவில்லை. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் எழுதுவதைத்தான் திரும்பப் படிக்கக் கூடாது, வந்ததைப் படிக்கலாம்.

முதலில் ஒன்று சொல்லியாக வேண்டும். நீ ஜூலையில் கேட்டபோதே டாக்டரிடம் கேட்டேன். மண்ணால் வந்ததில்லை என்றார். பள்ளிக்கூடத்தில் சிலேட்டைத் துடைத்துத் துடைத்து நான் தேய்த்ததெல்லாம் இதுதானாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரக் கொஞ்சம் வாய்ப்பு அதிகமாம், யார் செய்த தப்பும் இல்லையாம். இதை உனக்கு எழுதவில்லை. மண் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால்தான் வருவாய் என்று விட்டுவிட்டேன். உன் தலையில் ஏற்கெனவே அத்தனை பாரம் இருந்தது எனக்குத் தெரியாது அண்ணா. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. இரண்டு முறை கேட்டாயே.

அப்பாவுக்கும் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "புள்ளைய போயி சோம்பேறின்னு ஊரு முச்சூடும் சொன்னனேம்மா" என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

கல்பனா டாக்டரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. முன்னாலேயே சொன்னது நல்லது, ஒப்பிடுகிற பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார். உன்னை வைத்தியத்துக்கு வரச் சொல்கிறார். நான் தனியாகப் படுக்கிறேன், ஜோடிக் கணக்கில் சேராவிட்டாலும் என் படம் உதவுமாம்.

நீ மெஷினுக்காக வர வேண்டாம். 9ஆம் தேதி வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திரு, அது போதும்.

ஸ்டெல்லா


வளவனூர்
9.12.2023

ஸ்டெல்லா,

தபால் ஆபீஸ் மூடுவதற்குள் எழுதுகிறேன். காலையில் பஸ் ஏறினேன். ஏறும்போது என் பை படியில் நின்ற ஒரு பெரியவர் மேல் இடித்தது. கோலியனூ வளவனூர் வந்ததும் இறங்கிவிட்டேன். அவர் விழுந்திருப்பாரோ என்று. விழுப்புரத்துக்குத் திரும்பிப் போனேன், பஸ் ஸ்டாண்டில் யாரும் விழவில்லை என்றார்கள். மறுபடி ஏறினேன். மறுபடி வளவனூர்.

நீ உள்ளே படுத்திரு படுத்திருப்பாய் இப்போது. பெஞ்சில் நான் இல்லை. இந்த முறையும் வரவில்லை. பஞ்சர் என்று சொல்லப் போவதில்லை.

அடித்தல் இருக்கிறது. திரும்பப் படிக்காமல் போடுகிறேன்.

அண்ணன்


ஒதியம்பட்டு
13.12.2023

என் அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம், நீயும் இருக்கிறாய், இப்போதைக்கு அதுவே சுகம்.

சனிக்கிழமை படுத்து எழுந்துவிட்டேன். உள்ளே தள்ளுவதற்கு முன்னால் பெஞ்சைப் பார்த்தேன். அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் உனக்கு இடம் விட்டு. வழக்கம்போல என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஈர மண் படம் வந்தது. பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அமுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கை கழுவினேன், அதிகமாகத்தான் கழுவினேன். பொய் சொல்ல மாட்டேன்.

உன் கடிதம் இன்று வந்தது. நாலே நாளில் உன் கையிலிருந்து ஒரு கடிதம்! அடித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். அச்சடித்த கடிதாசி மாதிரி இல்லாமல் ஒரு மனுஷன் எழுதினது மாதிரி இருந்தது.

வருகிற சனிக்கிழமை நீ வளவனூர் வரை வா. அதுவரை உனக்கு வர முடிகிறது. மீதி ரோட்டுக்கு நான் வருகிறேன். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவேன், என் கையைப் பார்த்து நீ சிரிக்கக் கூடாது. தபால் ஆபீஸ் வாசலில் நில். யாரையோ இடித்துவிட்டேன், திரும்பிப் போக வேண்டும் என்று உனக்குத் தோன்றும். உன்னோடு சேர்ந்து போய்ப் பார்க்க மாட்டேன், அது கூடாது என்கிறார் டாக்டர். இடிக்கவில்லை என்று சமாதானமும் சொல்ல மாட்டேன். அந்த நினைப்பு அடங்குகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் சரி. அப்புறம் இரண்டு பேரும் பஸ் ஏறுவோம். கல்லறைக்குப் போய் உன் பிடி மண்ணை நீ போடு.

ஒன்றுதான் மனதைப் போட்டு அறுக்கிறது. அன்றைக்குப் பெட்டியை மூடலாமா என்று சாமியார் கேட்டபோது எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவன் வரமாட்டான், மூடுங்கள் என்று சொன்னது நான்தான். நீ வளவனூரில் அழுதுகொண்டு வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்திருந்தால், மூட விட்டிருக்க மாட்டேன் அண்ணா.

ஸ்டெல்லா